காலாங் களிமண்ணும் தற்காலிகச் சுவர்களும்

கட்டுமானத் தளம் என்றதும் எல்லாருடைய கண்ணும் மேலே போகும். பாரந்தூக்கி எவ்வளவு உயரம், கட்டடம் எத்தனை மாடி என்றுதான் பேச்சு நடக்கும். தடுப்பு வேலிக்கு அந்தப் பக்கம் கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால், சிங்கப்பூர் போன்ற நெருக்கமான நகரில் கட்டுமானத் தொழிலுக்கு வரும் பெரிய சோதனைகள் பலவும் தரைக்குக் கீழேதான் வருகின்றன.

குழி தோண்டுவது பெரிய வித்தை அன்று. மண்வாரி இயந்திரம் ஒன்றும் லாரிகள் நான்கும் இருந்தால் போதும். தோண்டிய குழியை இடியாமல், பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழாமல், உள்ளே இறங்கிய மனிதர்கள் மாலையில் ஏறி வரும்படி நிறுத்தி வைப்பதுதான் வித்தை. அதற்காக எழுப்பப்படும் சுவர்களும் உத்திரங்களும் பெரும்பாலும் தற்காலிகமானவை. வேலை முடிந்ததும் பிரித்து எடுக்கப்படும், அல்லது மண்ணுக்குள் புதைந்துபோகும். திறப்பு விழாவில் அவற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆனால், பல ஆண்டுகள் பல நூறு உயிர்களைத் தாங்கி நிற்பவை அவைதாம்.

தன்னைத் தோண்டுபவனையும் பொறுத்துக்கொள்ளும் குணம் நிலத்துக்கு உண்டு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தது நம் இனம். காலாங் ஆற்றுப் படுகையின் களிமண்ணுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இதைச் சிங்கப்பூர் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. சில இடங்களில் வேதனையானது.

பனியுகம் விட்டுச் சென்ற சேறு

சிங்கப்பூரின் நிலம் ஒரே மாதிரியானதன்று. தீவின் நடுவே புக்கிட் தீமா வட்டாரத்தில் கருங்கல் பாறை. மேற்கே ஜூரோங் பக்கம் படிவுப் பாறைகள். கிழக்கே பிடோக், தெம்பனிஸ் பகுதிகளில் கெட்டிப்பட்ட பழைய வண்டல். இவை தோண்டுவதற்குக் கடினமாக இருக்கலாம். ஆனாலும் ஓரளவு நம்பலாம். நான்காவதாக ஒன்று இருக்கிறது. காலாங், ரோச்சோர், கேலாங் ஆறுகள் கடலைச் சேரும் தாழ்நிலங்களிலும், சிங்கப்பூர் ஆற்றோரத்திலும், மெரினா பே பகுதியிலும் கிடக்கும் கடல் களிமண் அது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது சிங்கப்பூர் தீவாகவே இல்லை. ஆறுகள் பழைய வண்டலை அறுத்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தப் பள்ளத்தாக்குகளில் மிக நுண்ணிய சேறு படிந்து நிரம்பியது. ஆகவே களிமண்ணின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் சில மீட்டர்தான் இருக்கும். சற்றுத் தள்ளிப் போனால் 30 மீட்டரையும் தாண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சமதரைதான்.

இந்த மண்ணில் தண்ணீர் மிகுதி. உலர்ந்த துகள்களின் எடையில் பாதிக்கும் அதிகமாகவே தண்ணீர் இருக்கும். கையில் எடுத்துப் பிசைந்தால் பற்பசை போல நெகிழும்.

இப்படிப்பட்ட மண்ணில் குழி தோண்டும்போது மூன்று ஆபத்துகள் சேர்ந்து வருகின்றன. முதலாவது, பக்கவாட்டு மண் குழியை நோக்கித் தள்ளும். ஆழம் கூடக் கூட அந்த அழுத்தமும் கூடும். இரண்டாவது, வெளியே உள்ள மண்ணின் பாரத்தால் குழியின் அடித்தரை மேல்நோக்கிப் புடைக்கும். மாவுப் பாத்திரத்தின் ஓரத்தை அழுத்தினால் நடுவில் மாவு எழும்புவதுபோல என்று சொன்னால் இல்லத்தரசிகளுக்கு உடனே விளங்கும். மூன்றாவது, குழிக்குள் ஊறும் நீரை இறைக்க இறைக்கச் சுற்றுப்புற மண் தன் நீரை இழந்து சுருங்கும். அந்த மண்மேல் நிற்கும் கட்டடமும் அதனோடு அமிழும். பக்கத்துக் கடைக்காரர் ஒரு குற்றமும் செய்திருக்க மாட்டார். ஆனால், அவருடைய சுவரில் விரிசல் ஓடும்.

செங்கல்லும் பக்காவ் கம்பும்

தொடக்ககாலச் சிங்கப்பூர் இந்த ஆபத்தைச் சந்திக்கவில்லை. காரணம் எளிது. அன்றைக்கு யாரும் ஆழத் தோண்டவில்லை. தோண்டியதெல்லாம் மேட்டை, நிரப்பியதெல்லாம் பள்ளத்தை.

1822ஆம் ஆண்டில் சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் தென்கரைச் சதுப்பு நிலத்தைத் தூர்க்க ஆணையிட்டார். பக்கத்திலிருந்த குன்று ஒன்று வெட்டிச் சரிக்கப்பட்டது. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் கூலிக்கு மண் சுமந்தனர். குன்று இருந்த இடம் வணிகச் சதுக்கமாகி, பின்னர் ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் பெற்றது. சதுப்பு இருந்த இடம் படகுத்துறையானது.

அதே காலத்தில் களிமண்ணை நம்பித் தொழில் தொடங்கிய தமிழர் ஒருவரும் இருந்தார். 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை அமைத்தார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரே.

பின்னர் 1825 முதல் இந்தியக் கைதிகள் வந்து சேர்ந்தனர். சாலை, பாலம், அரசாங்கக் கட்டடம் எனப் பலவும் அவர்கள் உழைப்பால் எழுந்தன. 1856இல் தொடங்கி 1861இல் முடிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவற்றுள் ஒன்று. அதற்குத் திட்டமிட்ட கனமான கோபுரத்தை அடித்தளம் தாங்குமா என்ற ஐயம் எழுந்ததால், எடை குறைந்த கூர்கோபுரம் அமைக்கப்பட்டது. மண்ணின் சொல்லுக்குக் கட்டடம் கட்டுப்பட்டதற்கு அது ஒரு பழைய சான்று.

1880களில் தெலுக் ஆயர் கரையோரம் தூர்க்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா அதுவரை கடலைப் பார்த்தபடி நின்றது. கடல் விலகியதும் அது ஊருக்கு நடுவே வந்துவிட்டது. இன்று அதன் முன்னே நிற்கும் அலுவலகக் கட்டடங்களுக்கு அடியில் பழைய கடலடிச் சேறு இருக்கிறது.

அக்காலக் கடைவீடுகளுக்குப் பக்காவ் கம்புகளே அடித்தளம். சதுப்புநில அலையாத்தி மரங்களை வெட்டி, வரிசையாகச் சேற்றில் அடித்து, அவற்றின்மேல் சுவர் எழுப்பினார்கள். நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அந்த மரம் கெடாது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துப்போகும். நூறு ஆண்டு நிலைத்து நின்ற கடைவீடு, பக்கத்தில் தோண்டப்படும் ஒரு குழியால் ஆட்டம் காண்பது இதனால்தான். நெருக்கமான நகரில் ஒருவர் தோண்டும் குழி, தெருவுக்கே பொதுவான விவகாரம் ஆகிவிடுகிறது.

ரயில் தரைக்குக் கீழே போனபோது

பெருவிரைவு ரயில் திட்டம் வந்தபோது ஆழத் தோண்டாமல் தப்ப வழி இல்லாமல் போனது. 1983 அக்டோபர் 22ஆம் தேதி கட்டுமானப் பணி தொடங்கியது. நாலாண்டு கழித்து, 1987 நவம்பர் 7ஆம் தேதி முதல் ரயில் ஓடியது. நகரத்துக்கு நடுவே பாதை நிலத்தடியில் போயிற்று. பூகிஸ், லெவண்டர் நிலையங்கள் களிமண் நிலத்தில் அமைந்தன. இருபுறமும் கடைகள், நடுவில் ஓயாத போக்குவரத்து, அடியில் சேறு. குழியைச் சரிவாக வெட்டி அகலப்படுத்த இடமே கிடையாது. செங்குத்தாக இறங்குவது ஒன்றே வழி.

அதற்குப் பயன்பட்ட முறை டயஃப்ரம் சுவர். மண்ணைத் தோண்டும் முன்பே சுவரைக் கட்டிவிடும் முறை இது. தரையில் குறுகலான அகழி ஒன்றை ஆழமாக வெட்டுவார்கள். அதன் பக்கங்கள் சரியாமல் இருக்க, வெட்டும்போதே பென்டோனைட் என்னும் களிக் கரைசலை நிரப்பிக்கொண்டே போவார்கள். பிறகு கம்பிக் கூட்டை இறக்கி, குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் ஏற ஏறக் கரைசல் மேலே வழிந்து வெளியேறும். இப்படித் துண்டு துண்டாகக் கட்டிய சுவர் நாலா பக்கமும் சூழ்ந்த பின்னரே உள்ளே மண் எடுக்கத் தொடங்குவார்கள்.

சில மீட்டர் தோண்டியதும், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே இரும்பு உத்திரம் ஒன்றைக் குறுக்கே வைத்து முட்டுக் கொடுப்பார்கள். ஸ்ட்ரட் என்பது அதன் பெயர். உத்திரத்தின் முனை சுவரை நேராகக் குத்தாமல் இருக்க, சுவரையொட்டி நீளவாக்கில் வேலர் என்னும் இன்னொரு இரும்பு இருக்கும். மறுபடி சில மீட்டர், மறுபடி ஓர் உத்திரம். அடித்தரை புடைக்காமல் இருக்கச் சிமெண்டுக் குழம்பை மிகுந்த அழுத்தத்தில் களிமண்ணுக்குள் பீய்ச்சி, தோண்டும் முன்பே கெட்டியான தளம் ஒன்றை அடியில் உருவாக்குவதும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு மண் அசையவே அசையாது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. எவ்வளவு அசைகிறது என்று அளந்து பார்க்கலாம். சுவருக்குள் சாய்வுமானி, உத்திரங்களில் பாரம் காட்டும் கருவி, சுற்றுப்புறத் தரையில் அமிழ்வைக் காட்டும் குறிகள் என்று பல உண்டு. அவை தரும் எண்கள்தாம் களிமண்ணின் பேச்சு. அதைக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் மனிதர் கையில்.

சிராங்கூன் சாலையில் உதவிய கைகள்

1986 மார்ச் 15ஆம் தேதி சிராங்கூன் சாலை, ஓவன் சாலைச் சந்திப்பில் ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்டு கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அந்தச் சமயத்தில் எம்ஆர்டி சுரங்கப் பணியில் இருந்த பிரிட்டிஷ், அயர்லாந்து, ஜப்பானிய நிபுணர்கள் தாமாகவே முன்வந்து இடிபாடுகளுக்கு அடியில் சுரங்கவழி அமைத்து உள்ளே நுழைந்தனர். கனரக இயந்திரங்கள் மேலே அதிர்ந்தால் அடியில் உயிரோடு இருப்பவர்கள் நசுங்கிவிடுவார்கள் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

அந்த விபத்துக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை. வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்று விசாரணை கண்டறிந்தது. 1989இல் புதிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை பிறந்தது.

நல்ல பாடம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. மக்கள் குடியேறப்போகும் கட்டடத்துக்குத்தான் அந்தக் கண்டிப்பு முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. கட்டடத்தைக் கட்டுவதற்காக எழுப்பிப் பின்பு அகற்றப்படும் சுவருக்கும் உத்திரத்துக்கும் அதே அளவு கண்டிப்பு வேண்டும் என்று அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இதற்கிடையில் அதே வட்டாரத்துக்கு அடியில் வடகிழக்கு ரயில் பாதை வந்தது. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் நிலையங்கள் ரேஸ் கோர்ஸ் சாலையோரம் அமைந்தன. ஒருபுறம் உணவகங்கள், பழைய கடைவீடுகள். மறுபுறம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள். சற்றுத் தள்ளிப் பெருமாள் கோயில். 2003 ஜூன் 20ஆம் தேதி அந்தப் பாதை திறக்கப்பட்டபோது, ஆழத் தோண்டும் கலை கைவந்துவிட்டது என்ற நம்பிக்கை ஊரில் இருந்தது. அந்த நம்பிக்கை ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

ஒன்பதாவது உத்திரம்

நிக்கல் நெடுஞ்சாலை 1956 ஆகஸ்டில் மெர்டேக்கா பாலத்துடன் திறக்கப்பட்டது. அதன் ஓரமாக, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், வட்ட ரயில் பாதைக்காக ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக நட்டால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு. களிமண் மிகத் தடிமனாகக் கிடந்த இடம் அது. அங்கே டயஃப்ரம் சுவரும் தற்காலிகமானதே. மேலிருந்து கீழே பத்து வரிசை உத்திரங்கள் வைக்கத் திட்டம். ஒன்பது வரிசை வைத்தாகிவிட்டது. பத்தாவதற்காக மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2004 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை. காலையிலேயே குழிக்குள் பலத்த சத்தங்கள் கேட்டன. ஒன்பதாவது வரிசை உத்திரங்கள் வேலருடன் சேரும் இடங்களில் இரும்பு நெளிந்திருப்பதைக் கண்டார்கள். அந்த இடங்களில் கான்கிரீட் இட்டுப் பலப்படுத்தும் முயற்சி நடந்தது. பிற்பகல் சுமார் 3.30 மணிக்குச் சுவர்கள் உள்ளே சரிந்தன. உத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டு விழுந்தன. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே குழிக்குள் இறங்கியது. மின்கம்பிகள் அறுந்து சுற்றுவட்டாரத்தில் மின்சாரம் தடைபட்டது.

நால்வர் மாண்டனர். மூவர் காயமடைந்தனர். மாண்டவர்களில் ஒரு மேற்பார்வையாளர் தம் ஆட்களை மேலே ஏறி ஓடும்படி விரட்டிவிட்டுத் தாம் பின்தங்கியவர். அவருடைய உடல் கிடைக்கவில்லை. எஞ்சிய மண்ணும் சரியும் நிலையில் இருந்ததால், மீட்பாளர்களின் உயிரையும் பணயம் வைக்க முடியாமல் தேடும் பணி நிறுத்தப்பட்டது. அவர் இன்னும் அந்த மண்ணிலேயே இருக்கிறார்.

இரண்டு பாதிகள்

விசாரணைக் குழு பல மாதங்கள் ஆராய்ந்து 2005 மே மாதம் அறிக்கையை வெளியிட்டது. அதில் உள்ள விவரங்கள் பொறியாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

முதல் பிழை கணினியில் நடந்தது. மண்ணின் போக்கைக் கணிக்கும் மென்பொருளில், மென்மையான களிமண்ணுக்குப் பொருந்தாத கணக்கு முறை பயன்பட்டது. அது களிமண்ணுக்கு இல்லாத வலுவை இருப்பதாகக் காட்டியது. அதனால் சுவர் எவ்வளவு வளையும், எவ்வளவு பாரம் ஏற்கும் என்ற கணிப்புகள், நடக்கக்கூடியதில் சுமார் பாதியாக வந்தன.

இரண்டாம் பிழை இரும்பில் நடந்தது. உத்திரமும் வேலரும் சேரும் இணைப்பு, தேவையான வலுவில் சுமார் பாதியையே கொண்டதாக வடிவமைக்கப்பட்டிருந்தது. பாரத்தைப் பாதியாகக் கணித்தார்கள். அதைத் தாங்கும் இணைப்பையும் பாதி வலுவோடு செய்தார்கள். ஒன்பதாவது வரிசையில் இரண்டும் சந்தித்தன. அடியில் பீய்ச்சிக் கெட்டியாக்கிய இரண்டு தளங்களில் மேல் தளத்தை உடைத்து எடுத்தபோது, அது தாங்கிய பாரமும் அந்த வரிசைமேலேயே ஏறியது. ஓர் இணைப்பு விட்டுக் கொடுத்ததும் அதன் சுமை அடுத்ததற்குப் போயிற்று. அதனாலும் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவது மூன்றாவது செய்தி. களிமண் முன்கூட்டியே சொல்லியது. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளைவதைச் சாய்வுமானிகள் காட்டின. குறித்து வைத்த வரம்பை எண் தாண்டியது. வேலையை நிறுத்திச் சுவரையும் உத்திரங்களையும் அடிப்படையிலிருந்து ஆராய்வதற்குப் பதிலாக, கணக்கை மறுபடி போட்டு வரம்பையே உயர்த்தினார்கள். இது இருமுறை நடந்தது. காய்ச்சல் ஏறுகிறது என்று தெரிந்தும், வெப்பமானியில் சிவப்புக் கோட்டை மேலே தள்ளி வரைந்துகொண்ட கதைதான்.

ஒரு மனிதரின் பேராசையோ ஒருவருடைய அலட்சியமோ மட்டும் இதற்குக் காரணம் என்று குழு சொல்லவில்லை. வடிவமைப்பு, சரிபார்ப்பு, கண்காணிப்பு, நிர்வாகம் என ஒவ்வொரு படியிலும் குறை இருந்தது. குத்தகையாளருக்கும் பொறுப்பில் இருந்த சிலருக்கும் நீதிமன்றம் அபராதம் விதித்தது. குழுவின் பரிந்துரைகளில் எளிய ஒன்று இருந்தது. தற்காலிகக் கட்டமைப்புகளையும் நிரந்தரக் கட்டமைப்புகளுக்குரிய அதே கண்டிப்புடன் வடிவமைக்க வேண்டும் என்பது அது. கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். நான்கு உயிர் போன பிறகே அது எழுத்தில் வந்தது.

2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. 2007இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, 6 மீட்டருக்கு மேல் ஆழமான தோண்டு பணிகளில் மண் தொடர்பான வடிவமைப்பை அத்துறைக்கென்றே பதிந்துகொண்ட நிபுணர்கள் செய்து, அதே தகுதியுள்ள வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதி வந்தது. நிக்கல் நெடுஞ்சாலை 2004 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. இடிந்த குழி மூடப்பட்டு, நிலையம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. 2010 ஏப்ரல் 17ஆம் தேதி அங்கே பயணிகள் இறங்கினர்.

வட்டச் சுவரும் உறைந்த மண்ணும்

விபத்துக்குப் பிறகு சிங்கப்பூர் ஆழத் தோண்டுவதை நிறுத்தவில்லை; நிறுத்தவும் முடியாது. நிலம் குறைந்த நாட்டுக்குத் தரைக்குக் கீழேதான் இடம். ஆனால், தோண்டும் முறைகள் மாறின.

2010இல் திறக்கப்பட்ட மெரினா பே சேண்ட்ஸ் கடலைத் தூர்த்த நிலத்தில், ஆழமான களிமண்ணின்மேல் நிற்கிறது. அதன் அடித்தளக் குழிகளில் பெரியது 120 மீட்டர் விட்டமுள்ள வட்டம். வட்டச் சுவருக்குக் குறுக்கு உத்திரம் தேவையில்லை. வெளிமண் எல்லாப் பக்கமும் சமமாக நெருக்கும்போது சுவரின் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஊர்க் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கிணறு ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டால் கிடைக்கும் விடையும் இதுதான். உத்திரம் இல்லாததால் உள்ளே இயந்திரங்கள் தாராளமாக நடமாடின. முறிவதற்கு இணைப்பும் இல்லை.

தெருவின் அகலமே குழியின் அகலமாக இருக்கும் இடத்தில் வட்டத்துக்கு வழியில்லை. அங்கே மேலிருந்து கீழே கட்டும் முறை கைகொடுக்கிறது. முதலில் கூரைத் தளத்தைக் கான்கிரீட்டில் போட்டு, மேலே போக்குவரத்தைத் திறந்துவிட்டு, அதனடியில் ஒவ்வொரு தளமாகத் தோண்டி இறங்குவார்கள். ஒவ்வொரு தளமும் சுவர்களுக்கு நிரந்தர முட்டாகிவிடும். டௌன்டவுன் பாதைக்காக ரோச்சோர் கால்வாயையே இடம் மாற்றினார்கள். ஃபோர்ட் கேனிங் பக்கம் சிங்கப்பூர் ஆற்றைத் திருப்பிவிட்டு, பழைய ஆற்றுத் தடத்துக்கு அடியில் சுரங்கம் போட்டார்கள். 2022 நவம்பரில் திறக்கப்பட்ட தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் மெரினா பே நிலையத்துக்காக, ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரயில் நிலையத்துக்கு அடியில் உள்ள மண்ணை உறைய வைத்தார்கள். குளிர்ந்த உப்புநீரைக் குழாய்களில் ஓடவிட்டால் களிமண்ணில் உள்ள தண்ணீர் பனிக்கட்டியாகும். எந்தத் தண்ணீர் அந்த மண்ணைப் பலவீனமாக்கியதோ அதே தண்ணீரே அதைக் கல்லாக்கியது.

தஞ்சோங் காத்தோங்கில் ஏழு பேர்

எல்லாம் கற்றாயிற்று என்று எண்ணும் வேளையில் மண் மறுபடி நினைவூட்டும். 2025 ஜூலை 26ஆம் தேதி மாலை, தஞ்சோங் காத்தோங் சவுத் சாலையில் திடீரென நிலம் உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தது. பக்கத்தில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்க் குழாய்ப் பணிக்காக 16 மீட்டர் ஆழத் தண்டு தோண்டப்பட்டு வந்தது. அங்கு வேலையில் இருந்த இந்திய ஊழியர்கள் ஏழு பேர், சில நிமிடங்களில் கயிற்றை இறக்கி, காரை ஓட்டிய மாதை மேலே இழுத்துக் காப்பாற்றினர். அவர்களை வழிநடத்திய மேற்பார்வையாளர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். நாடே அவர்களைப் பாராட்டியது. மனிதவள அமைச்சும் சிறப்பித்தது.

பாராட்டு அவர்களுக்குத் தகும். ஆனால், அன்றைக்கு விழுந்தவர் சாலையில் போனவர். மற்ற எல்லா நாளும் அந்த ஆழத்தில் நிற்பவர்கள் அந்த ஊழியர்களே. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் கடன் வாங்கி வந்து, காலை இருட்டில் லாரி ஏறி, தற்காலிகச் சுவர்களுக்கு நடுவே இறங்குகிறார்கள். அவர்கள் வேலையனுமதி தற்காலிகம். அவர்களைத் தாங்கும் உத்திரமும் தற்காலிகம். உயிர் மட்டும் அப்படியன்று. 1822இல் குன்றை வெட்டிச் சதுப்பைத் தூர்த்தவர்கள் தொடங்கி இன்றுவரை இந்த ஊரின் மண்ணைப் பெயர்த்தவர்களின் வரிசையில்தான் அவர்களும் நிற்கிறார்கள்.

எம்ஆர்டி வேலை நடக்கும் தெருவில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனித்தால் சில பொருள்கள் கண்ணில் படும். நடைபாதையில் வண்ணம் பூசி எண் எழுதிய சிறு ஆணிகள். கடைவீட்டுத் தூணில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள். சுவர் விரிசலின் குறுக்கே பொருத்திய, கோடு போட்ட பிளாஸ்டிக் தகடு. குறும்புக்காரப் பிள்ளைகள் அவற்றைப் பிடுங்கிப் பார்ப்பதும் உண்டு. பிடுங்கக் கூடாது என்று சொல்லி வைப்பது நல்லது. களிமண் தன் அசைவை அவற்றின் வழியாகத்தான் சொல்கிறது. யாரோ ஓர் இளம் தொழில்நுட்பர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறார். வரம்பு மீறிய எண்ணை அவர் நீட்டும்போது, "இன்றைக்கு வேலை வேண்டாம், ஆட்களை மேலே கூப்பிடு" என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் தளத்தில் ஒருவருக்கு இருக்க வேண்டும். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி காலையில் சத்தம் கேட்டதற்கும் சுவர் சரிந்ததற்கும் இடையே அப்படிச் சொல்ல ஆறு மணி நேரம் இருந்தது.